அபராதம் யாருக்குப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஏற்காட்டில் தங்குவதற்குப் போனில் அறை தேடினேன். அடிவாரம் தாண்டிப் பேருந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் திரை முழுக்க விடுதி விளம்பரம். நான் வீட்டில்கூட அப்போது சொல்லியிருக்கவில்லை!

நம் தகவலை எடுக்கும் கம்பெனி முதலில் நம்மைக் கேட்க வேண்டாமா? கலிபோர்னியாவில் 2020 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் கம்பெனி எடுத்துக்கொள்ளும். ‘என் தகவலை விற்காதே’ என்று நாம்தான் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நிலைமை வேறு. எடுப்பதற்கு முன்பே சட்டப்படியான காரணம் காட்ட வேண்டும். சம்மதம் அதில் ஒன்று. நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சில விலக்குகளோடு சம்மதம் கேட்கச் சொல்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நடைமுறையில் அப்பாவின் போனை இயக்குவதே அந்தப் பிள்ளைதான், அது வேறு கதை.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவரின் பான் எண்ணும் வங்கி விவரமும் ஒரு கம்பெனியிலிருந்து கசிந்து, அவர் பணம் போய்விட்டது என்று வையுங்கள். ஐரோப்பாவில் அவர் அந்தக் கம்பெனியிடம் நஷ்ட ஈடு கேட்டு நீதிமன்றம் போகலாம். அங்கே அபராதமும் கடுமை: உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் வரை போகும். 2023-இல் அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு விதித்தது 120 கோடி யூரோ.

நம் சட்டத்திலும் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. சரி, அது யாருக்கு? இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசாங்கக் கஜானாவுக்கு. பட்டறைக்காரருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பைசா கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிசெய்த 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்கச் சொல்கிறது. அப்புறம், அவர் கொடுத்தது பொய்ப் புகார் என்று ஆனால் அவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். பொய்ப் புகாரைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் நிஜப் புகாருக்கு என்ன கிடைக்கிறது?

ஒன்றை மட்டும் மனதாரப் பாராட்டுவேன். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் நாம் கேட்கலாம். தமிழும் அதில் உண்டு. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் தொடங்கும். அதன்பிறகு ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அமுக்குமுன் தமிழில் கேட்டுப் பாருங்கள்.

வணக்கம்.