கல்லறைத் திருநாளன்று மூழ்கிய கப்பல்

நடுவர் அவர்களுக்கும், அரங்கத்துக்குள் வந்த பிறகும் ஜாக்கெட்டைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் டொராண்டோ சபைக்கும் வணக்கம்.

“போரில் மூழ்கிய கப்பல்களை முக்குளிப்பவர்களுக்குத் திறந்துவிடலாமா, மூடிவைக்க வேண்டுமா?” இதுதான் தலைப்பு. திறந்துவிடலாம் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ஒரே போடாகப் போட்டார்: “அது கல்லறை. செத்தவர்கள் தூங்கும் இடத்தில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உங்களுக்கு என்ன வேடிக்கை?” கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன், கையாவது சூடாகட்டுமே என்று.

கல்லறைதான் தோழி. நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கல்லறை, எந்த நாள் என்று சொல்லிவிடுகிறேன்.

நம் கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், கன்செப்ஷன் விரிகுடாவில் பெல் ஐலண்ட் என்று ஒரு தீவு. மணித்தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரும்புச் சுரங்கம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அந்தத் தாதுவை வாங்கியவர்களில் ஜெர்மனியும் ஒன்று. வாடிக்கையாளனே பிறகு நீர்மூழ்கியில் வந்தான். 1942 செப்டம்பர் 5 அன்று யு-513 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி சாகனாகா, லார்ட் ஸ்ட்ராத்கோனா என்ற இரண்டு தாதுக் கப்பல்களையும் மூழ்கடித்தது. சாகனாகா அடிவாங்குவதைப் பார்த்ததுமே ஸ்ட்ராத்கோனாக்காரர்கள் படகில் இறங்கிவிட்டார்கள், அதனால் பிழைத்தார்கள். இரண்டே மாதத்தில் யு-518 வந்தது. ரோஸ் காசில், பிஎல்எம்-27 என்று இன்னும் இரண்டு கப்பல்களை மூழ்கடித்தது. இந்த ரோஸ் காசில் அதற்குச் சில நாள் முன்னால்தான், அக்டோபர் 20 அன்று, வேறொரு நீர்மூழ்கியின் டார்பிடோ வந்து மோதியும் அது வெடிக்காமல் போனதால் தப்பியிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் அந்த மாலுமிகளும் நினைத்திருப்பார்கள். இந்த முறை வெடித்தது. பிஎல்எம் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அன்று மட்டும் இறந்தவர்கள் 40 பேர். நான்கு கப்பலிலுமாக ஏறத்தாழ 70 பேர்.

அது எந்த நாள் தெரியுமா? நவம்பர் 2.

சபையில் கிறிஸ்தவ அன்பர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆமாம், கல்லறைத் திருநாள்! அன்றைக்கு ஊரில் என்ன செய்வோம்? கல்லறையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போடுவோமா? போவோம். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும், யாரும் அதை அவமரியாதை என்று சொன்னதில்லை. போக ஆளில்லாத கல்லறையைப் பார்த்தால்தானே நமக்கு மனசு கேட்பதில்லை?

நான் இறங்கியது லார்ட் ஸ்ட்ராத்கோனாவில். கிளம்பும்போது வீட்டில், “இந்த ஊர்க் குளிர் பத்தவில்லையா?” என்றார்கள். பத்தாதுதான்! வடக்கிலிருந்து குளிரைச் சுமந்து வரும் லாப்ரடார் நீரோட்டம் வந்து தொடும் தண்ணீர் அது. உடம்பு முழுக்கத் தண்ணீர் புகாத டிரை சூட், கையில் தடித்த உறை, முகத்தில் மாஸ்க். எதுவும் மூடாத இடம் உதடுகள் மட்டும். முதல் நிமிடம் ஊசி குத்துகிறது, அப்புறம் உதடு இருக்கிறதா என்றே தெரியாது. மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரைக் கடித்திருக்கிறோமா என்று பல்லை வைத்துத்தான் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். பச்சை இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தேன். விளக்கை அடித்தேன். கப்பலின் பின்பக்கத்துப் பீரங்கி. அதன்மேல் பூப்போல விரியும் கடலுயிர்களான கடல் சாமந்திகள், வெள்ளையும் ஆரஞ்சுமாக, அடுக்கடுக்காக. யாரோ அதிகாலையிலேயே வந்து மாலை சாத்திவிட்டுப் போனதுபோல இருந்தது.

அந்தக் குளிர்தான் கப்பலைக் காப்பாற்றுகிறது. மரத்தைக் குடையும் கப்பல் புழு அந்தக் குளிரில் அவ்வளவாகப் பெருகாது. துருவும் மெதுவாகத்தான் தின்கிறது. ரோஸ் காசிலின் வானொலி அறைக்குள் மார்க்கோனிப் பெட்டியை, அதாவது அந்தக் காலத்து வானொலிக் கருவியை, படம் எடுத்து வந்திருக்கிறார்கள். எடுத்தது யார்? முக்குளிப்பவர்கள். படம் இருப்பதால்தான் மெழுகுவர்த்தி ஏற்றக் கடலுக்குள் போக முடியாத குடும்பமும் அதைப் பார்க்கிறது.

“திருடுவார்கள்” என்றார் தோழி. திருடுகிறவன் இருக்கிறான், தண்டியுங்கள். ஆனால் இந்தோனேசியாவின் ஜாவா கடலைப் பாருங்கள். 1942 பிப்ரவரியில் அங்கே மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ரோய்ட்டர், ஜாவா. அந்தச் சண்டையில் டச்சுக்காரர்கள் மட்டும் 900-க்கும் மேல் இறந்தார்கள். கப்பல்களை 2002-இல் கண்டுபிடித்தவர்கள் பொழுதுபோக்காக முக்குளித்தவர்கள். 2016-இல் ஒரு குழு போய்ப் பார்த்தால் கப்பல்களையே காணோம்! கடலடியில் கிடந்த தடம் மட்டும்தான் மிச்சம். பழைய இரும்புக்காக அள்ளிவிட்டார்கள். சட்டைப்பையில் ஒரு கரண்டியைப் போட்டுக்கொண்டு வருகிற முக்குளிப்பவனுக்கு இது முடியுமா? கிரேன் வேண்டும் ஐயா. அடிக்கடி ஆள் இறங்கும் இடத்தில் அந்தக் கிரேன் எத்தனை நாள் மறைவாக நின்றிருக்கும்?

சரி, ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தில் கிடக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக்? தோழி கடைசியாக வைத்த அஸ்திரம். 1939 அக்டோபர் 14, 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அனுமதியில்லாமல் யாரும் இறங்கக்கூடாது என்று சட்டம். அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அங்கேயும் ஆண்டுதோறும் பிரிட்டிஷ் கடற்படை முக்குளிப்பாளர்கள் இறங்குகிறார்கள். எதற்கு? தண்ணீருக்குள் அந்தக் கப்பலில் கொடி மாற்ற. பூட்டிய கல்லறைக்கும் வருடத்துக்கு ஒருமுறை பூ வைக்க ஆள் போகத்தான் வேண்டியிருக்கிறது.

ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 30 மீட்டர் ஆழத்தில் சாதாரணக் காற்றோடு 20 நிமிடம், அதற்குமேல் தங்கினால் நடுவில் நிற்காமல் நேராக மேலே வர முடியாது. நான் அந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்தபோது கூட வந்தவர் கட்டைவிரலை மேலே காட்டினார்; முக்குளிப்பவர் மொழியில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினேன். மறுபடி கட்டைவிரல்.

நடுவரும் இப்போது மணியில் கை வைத்துவிட்டார். மேலே வந்துவிடுகிறேன் ஐயா.