பாடப் பாட ராகம்

தலைவர் ஐயா அவர்களே, கூடத்தை வாடகை இல்லாமல் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திப் போர்த்தியே களைத்துப்போன வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, மைக்கைக் கடைசி நிமிடத்தில் பேசவைத்த தம்பி, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மூன்று விஷயம்: குரோவாசிய இசைவாணர் இவான் ஸாய்ட்ஸின் வியன்னா ஒபரெட்டாக்கள், ஜாக்ரெப் நகரில் அவர் நடத்திய ஒபரா என்கிற இசை நாடகம், அவருடைய இசைப்பள்ளி.

1832இல் ரியேக்கா துறைமுகத்தில் பிறந்தவர். அப்பா ராணுவ பேண்டு மாஸ்டர். ஆனால் பையன் வக்கீலாக வேண்டும் என்று அவருக்கு ஆசை, எல்லா ஊர் அப்பாக்களும் ஒன்றுதான்! பையன் மிலான் போய் இசை படித்தார். 1862இல் வியன்னா. பேச்சும் பாட்டும் கும்மாளமுமாக ஓடும் ஒபரெட்டாவுக்கு அங்கே நல்ல கிராக்கி. அடுத்த ஆண்டே கார்ல் தியேட்டரில் கப்பல்காரர்களை வைத்து ஒன்று போட்டார், பெயர் வந்துவிட்டது. பாடப் பாட ராகம், மூட மூட ரோகம் என்று சும்மாவா சொன்னார்கள்?

வியன்னாவில் இருக்கும்போதே, 1866இல், "ஊ போய்" என்று ஆண்கள் சேர்ந்து பாடும் போர்ப்பாட்டு ஒன்றுக்கு மெட்டுப் போட்டார். 1566இல் சிகெத் கோட்டையில் துருக்கியரை எதிர்த்து மாண்ட குரோவாசியத் தளபதி ஸ்ரின்ஸ்கியின் கதை. பிறகு 1876இல் அந்தக் கதையையே ஒபராவாக்கி, இந்தப் பாட்டைக் கடைசியில் வைத்தார்.

சரி, இதைக் கேளுங்கள். 1919இல் ரஷ்யாவின் விளாதிவஸ்தோக் துறைமுகத்திலிருந்து ஊர் திரும்பிய செக்கோஸ்லோவாக்கிய வீரர்களின் கப்பல் பழுதாகி ஜப்பானின் கோபே துறைமுகத்தில் ஒதுங்கியது. ரிப்பேர் முடியும்வரை என்ன செய்வார்கள்? இந்த "ஊ போய்" பாட்டைப் பாடினார்கள். கான்செய் ககுவின் கல்லூரியின் பாடகர் குழுப் பையன்கள் கேட்டார்கள், கற்றுக்கொண்டார்கள். கப்பல் போய்விட்டது, பாட்டு தங்கிவிட்டது. யார் மெட்டு, எந்த மொழி என்பதே சரியாகத் தெரியாமல், ஒரு வரிசை மாணவர்கள் அடுத்த வரிசைக்குச் சொல்லிக்கொடுத்துப் பல ஆண்டுகள் பாடியிருக்கிறார்கள், இன்றும் பாடுகிறார்கள். அந்தக் கல்லூரியில் ஒரு பாடகர் குழு இருந்ததால்தானே இது நடந்தது?

நம் பள்ளியில் ஆர்மோனியம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பாட்டு வகுப்பில் கணக்கு நடக்கிறது. மூட மூட ரோகம்! வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகள் சேர்ந்து பாடட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜாக்ரெப்பைப் பற்றிச் சொல்ல வந்தேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 1870இல் ஸாய்ட்ஸ் அங்கே போய் நிரந்தர ஒபராவைத் தொடங்கினார், 1914இல் அங்கேயே காலமானார். இசைப்பள்ளியை இன்னொரு கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டலுக்குப் போங்கள்.