மிகியோ நருசே: காசைக் காட்டி மனசைக் காட்டியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய சினிமா என்றதும் முதலில் அகிரா குரோசாவாவின் பெயர்தான் வரும். கொஞ்சம் தேடிப் பார்க்கிறவர்கள் யசுஜிரோ ஓசுவையும் கெஞ்சி மிசோகுச்சியையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்த மூவருக்கும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். மிகியோ நருசே. 1905இல் டோக்கியோவில் பிறந்து 1969இல் மறைந்தவர். எண்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். வாடகை, கடைப் பாக்கி, கைமாற்று, தம்பி படிப்புக்குப் பணம், பழைய காதலன் கேட்டு வரும் கடன். அவர் படங்களில் இவைதான் கதையை நகர்த்தும். இன்றைக்கு அவருடைய படங்களில் பணம் வருகிற விதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரு பெண்ணின் மனசுக்குள் போக அவரிடம் இருந்த நேர்வழி அதுதான் என்பது என் எண்ணம்.

வறுமை அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. பூவேலைத் தையல் செய்த ஏழைக் குடும்பம். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தார். மேலே படிக்க வழியில்லாமல், 1920இல் ஷோச்சிகு ஸ்டூடியோவில் செட் சாமான்கள் எடுத்து வைக்கும் பையனாகச் சேர்ந்தார். இயக்குநர் நாற்காலி கிடைக்கப் பத்து வருடம் ஆனது. அவருக்கு மூன்று வருடம் கழித்து அதே ஸ்டூடியோவுக்கு வந்த ஓசு, 1927இலேயே முதல் படத்தை எடுத்துவிட்டார். நருசேயின் முதல் படம் 1930இல்தான். அப்புறமும் நிம்மதி இல்லை. ஸ்டூடியோ தலைவர் ஷிரோ கிதோ, நமக்கு இரண்டு ஓசு தேவையில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகச் சொல்வார்கள். பதினைந்து வயசிலிருந்து பத்து வருடம் அடுத்தவர் படங்களுக்கு உழைத்தே கழித்த ஒரு மனிதருக்கு அந்த வார்த்தை எப்படி உறைத்திருக்கும்! 1934இல் ஷோச்சிகுவை விட்டு, பேசும்படங்களில் மும்முரமாக இறங்கியிருந்த பி.சி.எல். நிறுவனத்துக்குப் போனார். அதுதான் பிறகு டோஹோவாக மாறியது. கடைசிவரை அவருடைய முக்கியமான படங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தன.

அவருடைய மௌனப் படங்களில் ஐந்துதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பழையது 1931இல் வந்தது. கதாநாயகன் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பக்கத்து வீட்டுப் பணக்காரப் பெண்மணியிடம் ஒரு பாலிசி விற்க அவர் படும் பாடுதான் கதை. கையில் கிடைத்த முதல் படத்திலேயே காசு வந்து உட்கார்ந்துவிட்டது, பாருங்கள்.

1935இல் வந்த 'மனைவியே, ரோஜாவைப் போல் இரு' அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. 'கினெமா ஜும்போ' பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த படமாக அதைத் தேர்ந்தெடுத்தது. 1937இல் நியூயார்க் திரையரங்குக்கும் போனது. ஒரு இளம்பெண், தாயை விட்டுப் பிரிந்துபோன அப்பாவைத் தேடி மலைக்கிராமத்துக்குப் போகிறாள். அங்கே அவர் வேறொரு பெண்ணோடு வாழ்கிறார். தன் அம்மாவின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று நினைத்துத்தான் இவள் போகிறாள். போன இடத்தில் ஒரு விஷயம் தெரிய வருகிறது. மாதாமாதம் அப்பா அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருந்த பணத்தை அனுப்பியது அந்தப் பெண்தான், தலை அலங்காரம் செய்து சம்பாதித்த காசில். அவ்வளவுதான், இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மகளுக்குத் தெரியவில்லை. அதற்கென்று நீளமான வசனமோ கண்ணீரோ நருசே வைக்கவில்லை. பணம் வந்த வழி தெரிந்ததும் யார் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அதன் பிறகு போர்க்காலமும் அதை ஒட்டிய வருடங்களும். அவற்றில் நல்ல படங்கள் சில உண்டு, ஆனால் அவர் தன் இடத்தை மறுபடி பிடித்தது 1951இல். ஃபுமிகோ ஹயாஷி என்ற எழுத்தாளர் முடிக்காமல் விட்டு இறந்துபோன நாவலைக் கொண்டு 'மேஷி' எடுத்தார். சாப்பாடு என்பதுதான் அந்தத் தலைப்பு. ஹயாஷி வீட்டு வேலை, ஓட்டல் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்து பிழைத்து, அந்த வாழ்க்கையையே எழுதியவர். அவருடைய எழுத்திலிருந்து நருசே ஆறு படங்கள் எடுத்திருக்கிறார். வறுமை தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால், அதை அழகுபடுத்தவும் மாட்டார்கள், அதைச் சொல்லி அழவும் மாட்டார்கள். இந்த ஆறு படங்களின் பலமே அதுதான்.

அந்த ஆறில் எனக்கு மிகப் பிடித்தது 1954இல் வந்த 'பங்கிகு', பின்பருவத்துச் செவ்வந்திகள். கின் என்பவள் ஒருகாலத்தில் கெய்ஷா, அதாவது ஆடிப் பாடி விருந்தினரை மகிழ்விப்பதைத் தொழிலாகக் கொண்டவள். இப்போது வட்டிக்குப் பணம் விடுகிறாள். ஹருகோ சுகிமுரா நடித்திருக்கிறார். வீட்டு வேலைக்குக் காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் எதிரில் கவலையில்லாமல் நோட்டை எண்ணலாம். பழைய தோழிகளிடமே வீடு தேடிப் போய் வசூல் செய்கிறாள். இப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் பழைய காதலனிடமிருந்து கடிதம் வருகிறது, பார்க்க வருகிறேன் என்று. இளம்வயசில் அவன் ராணுவச் சீருடையில் எடுத்துக்கொண்ட போட்டோவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அலங்காரம் செய்துகொண்டு காத்திருக்கிறாள். அவன் வருகிறான். பேசுகிறார்கள், குடிக்கிறார்கள். அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது மெல்ல மெல்ல வெளியே வருகிறது. கடன் கேட்க. சுகிமுராவின் முகத்தில் அந்த ஒரு நொடியில் இத்தனை வருட ஆசையும் கணக்கை மூடிவிடுகிறது. அவள் மனசுக்குள் நினைப்பது மட்டும் நமக்குக் குரலாகக் கேட்கிறது. பிறகு அந்தப் போட்டோவை எடுத்து நெருப்பில் போடுகிறாள். கல்நெஞ்சக்காரி என்று அவளைச் சொல்ல எனக்கு மனசு வராது. பணம் ஒன்றுதான் இதுவரை அவளைக் கைவிடாமல் இருந்தது.

அடுத்த வருடம் 'உகிகுமோ', மிதக்கும் மேகங்கள். போரின்போது இந்தோசீனாவின் டாலத் நகரில் காதலித்த இருவர், போர் முடிந்து சிதைந்துபோன டோக்கியோவில் சந்திக்கிறார்கள். அவன் அவளை உதறுகிறான், அவள் திரும்பத் திரும்ப அவனிடமே வருகிறாள். தன்னால் எடுக்க முடியாத படங்கள் என்று ஓசு இரண்டைச் சொன்னதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒன்று மிசோகுச்சியினுடையது, இன்னொன்று இது. ஸ்டூடியோ தலைவரின் அந்தப் பழைய வார்த்தைக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

சரி, இவருடைய பாணி என்ன? ஓசுவின் கேமரா தரையை ஒட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். மிசோகுச்சியின் நீண்ட ஷாட்டுகளும் அப்படித்தான். நருசேயிடம் அப்படி அடையாளம் காட்ட எதுவும் இல்லை. சின்னச் சின்ன ஷாட்டுகள். ஒருவர் பார்க்கிறார், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், எழுந்து இரண்டடி நடக்கிறார், நின்று திரும்புகிறார். அவ்வளவுதான். 1937இல் நருசேயிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்த குரோசாவா தன் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் குட்டி ஷாட்டுகளை ஒட்டிப் பார்த்தால் ஒரே நீண்ட ஷாட் போலத் தெரியுமாம். மேலே அமைதியாகவும் அடியில் வேகமாகவும் ஓடும் ஆழமான ஆறு என்று அவர் சொல்லியிருப்பதைவிட நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது.

படப்பிடிப்பில் நருசே பேசவே மாட்டார். நடிகர் தாத்சுயா நகதாய் எத்தனையோ பெரிய இயக்குநர்களிடம் நடித்தவர். அவர்களில் மிகக் கடினமானவர் நருசேதான் என்று அவர் சொல்லியிருக்கிறார், காரணம் அந்த மௌனம்தான். திரைக்கதையில் வசனங்களை வெட்டிக்கொண்டே வருவாராம். கண்ணால் சொல்ல முடிந்ததை வாயால் சொல்ல விடமாட்டார். அந்த மௌனத்தைப் புரிந்துகொண்டவர் நடிகை ஹிதெகோ தகாமினே. நருசேயின் 17 படங்களில் நடித்தவர். 1960இல் வந்த 'ஒரு பெண் படியேறும்போது' படத்தில் டோக்கியோவின் கின்சா பகுதி பார் ஒன்றை நடத்தும் விதவையாக வருகிறார். அதற்கு உடை அமைப்பும் அவர்தான். இந்தப் படத்தில் கிமோனோ ஒரு செலவு. நல்ல குடியிருப்பு ஒரு செலவு. டாக்சியில் வருவது ஒரு செலவு. இதெல்லாம் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் மதிக்கமாட்டார். அதே நேரத்தில் அண்ணன் வக்கீலுக்குப் பணம் கேட்கிறான், அவன் பிள்ளைக்குப் போலியோ ஆபரேஷன். ஒவ்வொரு மாலையும் அந்தப் படிகளில் ஏறும் முன் அவள் ஒரு கணம் நிற்கிறாள், பிறகு ஏறி, சிரிக்கிறாள்.

1964இல் வந்த 'மிதாரெரு' படத்தையும் சொல்லாமல் விட முடியாது. இதிலும் தகாமினேதான். போரில் கணவனை இழந்தவள், குண்டுவீச்சில் அழிந்த மாமியார் வீட்டுக் கடையை மறுபடி எழுப்பிப் பதினெட்டு வருடம் நடத்துகிறாள். பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் வருகிறது, முட்டையை அடிமாட்டு விலைக்கு விற்கிறது. தெருவிலுள்ள சின்னக் கடைகள் தடுமாறுகின்றன. ஒரு கடைக்காரர் தற்கொலையே செய்துகொள்கிறார். நாமும் சூப்பர் மார்க்கெட் ஆரம்பிக்கலாம் என்று நாத்தனார்கள் கணக்குப் போடும்போது, இத்தனை வருடம் உழைத்தவளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. வயதில் மிக இளைய கொழுந்தன் ஒருவன்தான் அவளுக்காகப் பேசுகிறான். அவன் அவளைக் காதலிக்கிறான் என்பதுதான் சிக்கல். அவள் ஊரைவிட்டுக் கிளம்ப, ரயிலில் அவனும் ஏறிவிடுகிறான். கூட்டத்தில் முதலில் தூரத்தில் நிற்கிறான். ஆட்கள் இறங்க இறங்க அடுத்தடுத்த இருக்கைக்கு நகர்ந்து வருகிறான். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதே இல்லை. ஆனால் அவன் ஒரு வரிசை கிட்டே வரும்போதெல்லாம் தகாமினேயின் முகம் கொஞ்சம் இளகுவதைப் பாருங்கள். அந்த நடிப்புக்கு சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் அவருக்குப் பரிசு கிடைத்தது. ரயில் எங்கே போய் நிற்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

நருசேயை அவநம்பிக்கையாளர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. முடிவுகளை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. 1956இல் வந்த 'நகரெரு' படத்தில் நொடித்துப்போன கெய்ஷா வீட்டுப் பெண்கள் தொழிலுக்கு ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தில் பயிற்சி செய்துகொண்டே இருக்கிறார்கள், மகள் தையல் மிஷினை ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். இவர் பெண்கள் தோற்றுப்போகலாம், ஆனால் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். அப்படிப்பட்டவர்களை இத்தனை மரியாதையோடு காட்டிய ஒருவரை அவநம்பிக்கைக்காரர் என்று எப்படிச் சொல்வது?

1967இல் கடைசிப் படம், இரண்டே வருடத்தில் மரணம். வெளிநாடுகளில் அவர் பெயர் பரவியது அதற்கும் பிறகு, 1983இல் லொகார்னோவில் அவர் படங்களைத் தொகுத்துத் திரையிட்ட பிறகுதான்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'ஒரு பெண் படியேறும்போது' படத்தில் ஆரம்பிக்கலாம், கதைக்குள் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அடுத்து 'மிதாரெரு'. 'உகிகுமோ'வைக் கொஞ்சம் பழகிய பிறகு பாருங்கள், கனமான படம். 'பங்கிகு'வை மட்டும் வீட்டிலுள்ள பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். கடன் கொடுத்தும் வாங்கியும் பழகியவர்கள், நான் இங்கே சொன்னதைவிட அதிகமாக அதில் கண்டுபிடிப்பார்கள்.

நன்றி, வணக்கம்.