மூளையின் ஊகமும் மாடனின் குரலும்

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, வணக்கம்.

கண் பார்த்துச் சொல்லும்வரை மூளை காத்திருக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அடுத்து வரப்போவதை மூளை முதலிலேயே ஊகித்துவிடுகிறது. புலன்கள் தரும் சேதியை வைத்து ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த வழியில் யோசித்தார். 1999இல் ராஜேஷ் ராவ், டேனா பல்லார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணினி மாதிரியாகவே செய்து காட்டினார்கள்.

தேரிக்காட்டில் இருட்டும் நேரத்தில் மொட்டைப்பனை நம் காவல் தெய்வம் மாடனாக நிற்குமே, அதுவும் இதனால்தான். வெளிச்சம் குறையும்போது ஊகத்தின் கை ஓங்கிவிடும். கிட்டே போனால் பனை என்று தெரிந்துவிடும், சரி. ஊகம் அப்படித் திருந்தாமல் போனால்?

2017இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கட்டம் போட்ட படமும் மெல்லிய ஒலியும் சேர்ந்தே வரும். பழகிய பிறகு படத்தை மட்டும் காட்டினார்கள். வராத ஒலியைக் கேட்டதாகப் பலர் சொன்னார்கள், நல்ல மனநலம் உள்ளவர்கள்கூட. இல்லாத குரல் கேட்கும் வழக்கமுள்ளவர்களுக்கு அது இன்னும் அதிகம். அவர்களில் மனநோயாளிகளும் இருந்தார்கள், நோயே இல்லாமல் குறி சொல்கிறவர்களும் இருந்தார்கள். ஒலி நின்றுபோனதை ஏற்றுக்கொண்டு ஊகத்தை மாற்றுவதுதான் மனநோயாளிகளுக்குக் கடினமாக இருந்தது.

நம்மூர்க் கோயில் கொடையில் அருள் வந்து ஆடுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஆடி முடித்து, திருநீறு கொடுத்து, மறுநாள் வயலுக்குப் போய்விடுகிறார். அவரை நோயாளி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் “எதிர்வீட்டுக்காரன் செய்வினை வைத்துவிட்டான்” என்று சோறு தண்ணீர் இல்லாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையின் நிலை வேறு. எது முக்கியம் என்று குறிப்பதில் மூளையில் சுரக்கும் டோபமின் என்ற ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. அது தாறுமாறானால் தெருவில் யாரோ இருமியதுகூடத் தனக்கான சைகையாகப் படும் என்று மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003இல் விளக்கினார். அந்தத் திகிலுக்கு மூளை ஒரு காரணம் தேடுகிறது. கிடைத்த காரணத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இதில் புத்திக்குறைவு எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளையைக் கட்டிப்போடுவதும் அடிப்பதும் என்னால் பொறுக்க முடியாத கொடுமை.

வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். “உனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குப் புரிகிறது” என்று பக்கத்தில் உட்காருங்கள். கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்புறம், தள்ளிப்போடாமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.