மறுத்துப் பேசணும், ஆனால் பகை வரக்கூடாது! இங்கிலீஷில் இதற்கென்றே ஒரு 'சாத்தானின் வக்கீல்' இருக்கிறார்

வணக்கம் மக்களே! ஒரு பிரிட்டிஷ்காரர் உங்களிடம் "வித் த கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்" என்று பேச்சை ஆரம்பித்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்குப் பொருள், நீங்கள் சொன்னது அவருக்குத் துளிகூட ஒப்பவில்லை என்பதுதான். மரியாதை கூடக் கூட மறுப்பும் கூடும். இன்றைக்கு இதைத்தான் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: குழித்துறை ரயில் நிலையம், காலை நேரக் கூட்டம்]

இந்த வீடியோ குறிப்பாக நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்; மலையாளம் நமக்குத் தனியாகப் படிக்க வேண்டிய பாடமே இல்லை. மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! வீட்டில் தமிழ், பக்கத்து சீட்டில் மலையாளம், மீட்டிங்கில் இங்கிலீஷ். ஊர் டீக்கடையில் "போலே, அது அப்படி இல்ல" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவன், டீம் லீட் நடக்காத ஒரு தேதியைச் சொன்னால் "ஓகே" என்று தலையாட்டிவிட்டு வருகிறான். அப்புறம் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து வேலை செய்கிறான். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவனுக்கு விஷயம் தெரியும், இங்கிலீஷும் தெரியும். மறுக்கிற வாக்கியம் மட்டும் கைவசம் இல்லை.

சரி, அடிப்படை வாக்கியங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பட்டும் படாமலும் சொல்ல, "ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்…" கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல, "ஐ'ம் நாட் ஷ்யூர் அபவுட் தட்." இது கேட்கத்தான் தயக்கம் மாதிரி இருக்கும், பிரிட்டிஷ்காரர் காதில் மறுப்பாகவே விழும். "ஐ'ம் அஃப்ரெய்ட் ஐ டிஸ்அக்ரீ" என்றால் நேரடி மறுப்பு, ஆனால் மரியாதையோடு. "ஐ பெக் டு டிஃபர்" மேடைக்கும் விவாதப் போட்டிக்கும் அழகு. தினசரி மீட்டிங்கில் அதைச் சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "யூ ஆர் ராங்" மட்டும் வேண்டாம், முகத்தில் அடித்தாற்போல இருக்கும்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. "ஐ ஹேவ் எ டவுட்" என்று நாம் கேட்பது சந்தேகம் கேட்கிற சாதாரணக் கேள்வி. இந்தியாவில் எல்லாருக்கும் இது புரியும். வெளிநாட்டு கிளையண்ட்டிடம் சொன்னால், "நீ சொல்வதை நான் நம்பவில்லை" என்று அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. நீங்கள் மறுக்கவே இல்லை, ஆனால் மறுத்ததாக ஆகிவிடும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று கேட்டுவிடுங்கள், முடிந்தது.

[திரையில்: டெவில்ஸ் அட்வகேட்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். "லெட் மி ப்ளே டெவில்ஸ் அட்வகேட்." அதாவது, சாத்தானுக்கு வக்கீலாக நான் கொஞ்சம் வாதாடிப் பார்க்கிறேன்! இது யாரோ விளையாட்டாகச் சொன்னது என்று நினைத்தீர்களா? இல்லை மக்களே, இது நிஜமாகவே ஒரு பதவி. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவருக்குப் புனிதர் பட்டம் தரலாமா என்று விசாரிக்கும்போது, தரக்கூடாது என்று வாதாடுவதற்கென்றே ஒரு அதிகாரி இருந்தார். 1587இல், ஐந்தாம் சிக்ஸ்டஸ் போப்பாக இருந்த காலத்தில் இந்தப் பதவி முறைப்படி ஏற்பட்டது. சாட்சி சொல்கிறவரை நம்பலாமா, இது அற்புதமா அல்லது மருந்தில் குணமானதா என்று துருவித் துருவிக் கேட்பதுதான் அவர் வேலை. அவருக்கு அந்தப் புனிதர்மேல் பக்தியே இருக்கலாம், ஆனாலும் எதிர்த்து வாதாட வேண்டும். 1983இல் போப் இரண்டாம் ஜான் பால் விசாரணை முறையையே மாற்றியபோது இந்த வக்கீலின் பழைய வேலை போய்விட்டது.

நம் ஊர்க் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 2012இல் அருளாளர், அதாவது புனிதருக்கு முந்தைய படி; 2022 மே 15இல் புனிதர். அப்போது வாடிகனில் பழைய சாத்தானின் வக்கீல் இல்லை. ஆனால் மறுப்பு இங்கிருந்தே கிளம்பியது! பட்டத்தைப் பற்றி அல்ல, பெயரைப் பற்றி. புனிதரின் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப்பெயர் ஒட்டியிருக்கக்கூடாது என்று வாடிகனுக்குக் கடிதம் போனது. கடைசியில் 'தேவசகாயம்' என்ற பெயரிலேயே பட்டம் வழங்கப்பட்டது. ரோமாபுரி வரைக்கும் போய் மறுத்துச் சொல்ல முடியும் என்றால், டீம் லீடிடம் சொல்ல முடியாதா?

இந்த 'டெவில்ஸ் அட்வகேட்' வாக்கியத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. எதிர்ப்பு உங்களுடையதாக இருக்காது. நீங்கள் ஏற்ற வேடத்தினுடையதாக இருக்கும். உதாரணத்துக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் என்று லீட் சொல்கிறார். நீங்கள், "லெட் மி ப்ளே டெவில்ஸ் அட்வகேட். வாட் இஃப் த பேமெண்ட் பேஜ் ஃபெயில்ஸ் ஆன் சாட்டர்டே?" என்கிறீர்கள். இப்போது எல்லாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள், பேமெண்ட் பேஜைப் பார்ப்பார்கள். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் கண்ட இடத்தில் எடுக்காதீர்கள். அக்காவுக்கு மாப்பிள்ளை முடிவான வீட்டில் போய் சாத்தானின் வக்கீலாக உட்கார்ந்தால், மதியச் சோறு கிடைக்காது.

பேசிப் பேசியும் ஒத்துவரவில்லையா? "லெட்ஸ் அக்ரீ டு டிஸ்அக்ரீ." அதாவது, நமக்குள் ஒத்துவராது என்பதையாவது ஒத்துக்கொண்டு விட்டுவிடுவோம். ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் இங்கிலாந்தின் கிறிஸ்தவப் போதகர்கள்; சேர்ந்து ஊழியம் செய்தவர்கள், கடவுள் சிலரை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டாரா என்ற கேள்வியில் பிரிந்தவர்கள். 1770இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது, வெஸ்லி தன் நினைவுப் பிரசங்கத்தில் இந்தச் சொற்றொடரைத்தான் எடுத்தார். ஒரு விஷயம், முதல் நிமிஷத்திலேயே இதைச் சொன்னால் "உன்னோடு பேச எனக்கு நேரமில்லை" என்று ஆகிவிடும். இரண்டு பேரும் முழுதாகப் பேசித் தீர்த்த பிறகு சொல்லுங்கள்.

இன்று நான் சொன்னதில் எது உங்களுக்கு ஒப்பவில்லை? களியக்காவிளையோ செங்கோட்டையோ கொழிஞ்சாம்பாறையோ, எந்த எல்லையிலிருந்து பார்த்தாலும் சரி, கமெண்டில் இங்கிலீஷிலேயே மறுத்து எழுதுங்கள். "நைஸ் வீடியோ" வேண்டாம், மறுப்புதான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன்.