வாலின் நீளம்

நேயர்களுக்கு வணக்கம். சோப்பு அழுக்கை எடுக்கும் என்பது தெரிந்த கதை. கிருமியின் சவ்வையே கிழிக்கிற சோப்பு போன்ற மூலக்கூறுகளை எப்படித் தயாரிக்கிறோம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இவற்றுக்குச் சர்ஃபாக்டன்ட் என்று பெயர். தண்ணீரோடு சேரும் தலை, எண்ணெயோடு சேரும் வால். சோப்பின் தலையில் எதிர் மின்னூட்டம். அதையே நேர் மின்னூட்டமாக்கிவிட்டால் குணம் மாறிவிடும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. தலை போய் ஒட்டிக்கொள்ளும், வால் சவ்வுக்குள் நுழையும். உள்ளிருக்கும் பொட்டாசியம் கசியத் தொடங்கும்.

வேதிவினை பழையதுதான், 1890-இல் ரஷ்ய வேதியியலாளர் மென்ஷுட்கின் ஆராய்ந்தது. அமீன் என்பது நைட்ரஜன் கொண்ட சேர்மம். அந்த நைட்ரஜன் மூன்று கைகளில் கார்பனைப் பிடித்திருக்கும் அமீனுக்கு நான்காவது கார்பனையும் கொடுத்தால் நைட்ரஜனில் நேர் மின்னூட்டம் வந்துவிடும். டோடெசில் டைமெத்தில் அமீனோடு பென்சைல் குளோரைடு சேர்த்துச் சூடாக்கினால் பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி. இந்த வகையின் கிருமிக்கொல்லித் திறனை 1935-இல் உலகறியச் செய்தவர் ஜெர்மன் பாக்டீரியா ஆய்வாளர் கெர்ஹார்ட் டோமாக்.

காகிதத்தில் ஒரே வரி. குடுவையில் அப்படியில்லை. கரைப்பானை ஆவியாக்கியதும் மிஞ்சுவது தேன் போன்ற பாகு. அது படிகமாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டிக்கொண்டே இருப்பேன். திடீரென்று ஓரிடத்தில் வெள்ளை பூக்கும். வடிகட்டிய பிறகும் மீன் வாடை அடித்தால் வினை புரியாத அமீன் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கருவியைவிட மூக்கு முந்திக்கொள்ளும்.

வாலின் நீளத்தில்தான் சூட்சுமம். எட்டு கார்பன் என்றால் வீரியம் போதாது. பன்னிரண்டு முதல் பதினாறு வரை நன்றாகக் கொல்லும். அதற்கு மேல் நீட்டினால் தண்ணீரில் கரைவது குறைந்து வீரியமும் இறங்கும். இன்னொன்று, சோப்புத் தண்ணீரோடு இதைக் கலந்துவிடாதீர்கள். எதிரெதிர் மின்னூட்டங்கள் பிணைந்து இரண்டும் வீணாகும்.

கொல்வதைவிட, கொன்ற பிறகு என்ன ஆகிறது என்பதே என் கவலை. வலுவான இந்த மூலக்கூறுகள் கழிவுநீரில் போய்த் தங்குகின்றன. மிச்சத்தில் பழகிய பாக்டீரியாக்கள் இவற்றை வெளியே தள்ளும் பம்புகளை வைத்துக்கொள்கின்றன. அதனால் உடையக்கூடிய பிணைப்பை நாங்களே உள்ளே வைக்கிறோம். எத்தில் லாரோயில் ஆர்ஜினேட் அப்படிப்பட்டது. சிதைந்தால் லாரிக் அமிலம், ஆர்ஜினின், எத்தனால். உணவுப் பாதுகாப்புக்கே பயன்படுகிறது.

ஆனால் இதிலுள்ள உடையக்கூடிய பிணைப்புகளில் ஒன்றான எஸ்டர் பிணைப்பு காரத்தில் சீக்கிரம் உடைந்துவிடும். புட்டியில் உடையக்கூடாது, சாக்கடையில் உடைய வேண்டும். இப்போது தினமும் அந்த எஸ்டரோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.