கிலோ கூலியும் புது இயந்திரமும்

நேயர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்கு அண்டியாபீஸ், அதாவது முந்திரிப் பருப்பு ஆலை, என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் தூக்குவாளியோடு வேனுக்குக் காத்து நிற்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறோம். இன்று பேச வந்தது அவர்களைப் பற்றியும், அவர்கள் வேலைக்குள் நுழைந்திருக்கும் தோல் உரிக்கும் இயந்திரத்தைப் பற்றியும்தான்.

ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாக நமக்குக் கொட்டை வருகிறது. வியட்நாமும் அங்கிருந்து நிறைய வாங்கித்தான் இயந்திரத்தில் உடைத்து, உரித்து உலகத்துக்கே விற்கிறது. ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கடன் வாங்கி இறக்கிய இயந்திரம் சில மாதங்களில் மூலைக்குப் போய்விடுகிறதே, அது ஏன்? கோளாறை மோட்டாரில் தேடுகிறார்கள். பெரும்பாலும் அது கூலி நோட்டில் இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். பருப்பு போர்மா என்ற உலர்த்தும் அடுப்பறையில் 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆறு முதல் எட்டு மணி நேரம் காய்ந்து வெளியே வரும். கையால் உரிக்கும் கூடையில் தேய்த்தவுடன் தோல் கழலும் பருப்பும் இருக்கும், என்ன செய்தாலும் விடாத பருப்பும் இருக்கும். இரண்டும் கலந்த கூடைக்குத்தான் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறது. இயந்திரமோ அழுத்தக் காற்றை ஊதி, சுலபமான பருப்பையெல்லாம் தானே உரித்துவிடுகிறது. கைக்கு வருவது ஒட்டிய தோல் மட்டும். கூலி மட்டும் பழைய கூலி! ஒரு பைசா குறைக்காமலே கூலி குறைந்துவிட்டது. இதை இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் பல முதலாளிமாருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. கிலோ ரேட் அப்படியே இருக்கிறது, ஆனால் அந்தக் கிலோ பழைய கிலோ இல்லை.

ஒரு கணக்குக்கு, நாளுக்கு எட்டு கிலோ உரித்தவர் இப்போது ஐந்து கிலோதான் உரிக்கிறார், கிலோவுக்கு 20 ரூபாய் என்று வையுங்கள். நாளுக்கு 60 ரூபாய் போச்சு. ஆறு நாளுக்கு 360. சனிக்கிழமை சம்பளத்தில் 360 ரூபாய் துண்டு விழுந்தால் குழுக்கடன் தவணை காத்திருக்குமா? அவர் அடுத்த ஆபீஸுக்குப் போய்விடுவார். நல்ல கைவேலைக்காரரை எந்த ஆபீஸும் கூப்பிடும் என்பதால் முதலில் போவதும் அவர்தான். பிறகு, 'இவர்களுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது' என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. கணக்குத் தெரிந்ததால்தான் அவர் போனார்.

என்ன செய்யலாம்? இயந்திரம் இறங்குவதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை ஒவ்வொருவருக்கும் எடுங்கள். ஆறு வாரத்துக்கு அதற்குக் குறையாமல் கொடுப்போம் என்று எழுதி ஒட்டுங்கள். மேலே சொன்ன கணக்கில் நாற்பது பேருக்கு, இடைவெளி கடைசி வரை குறையவே இல்லை என்றாலும், 86,400 ரூபாய். இயந்திரத்தின் பில்லை எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஆறு வாரத்துக்குள், இயந்திரத்தில் மிஞ்சிய பருப்பை மட்டும் கொடுத்து உரிக்க ஆகும் நேரத்தை அளந்து புது ரேட் போடுங்கள். மிக வேகமானவரை வைத்து அளக்காதீர்கள், நடுத்தர வேகக்காரர்களை வைத்து அளங்கள். தொழிலாளர்களும் கூட நின்று பார்க்கட்டும். கூலி முறையை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு என்பது 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்திலிருந்தே வருகிற விதி. அந்த நாட்களைப் பேசித் தீர்க்கப் பயன்படுத்துங்கள்.

எந்த மாதம் தொடங்குவது என்பதும் முக்கியம். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும் காய்ந்த பருப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், தோல் மறுபடி ஒட்டும். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரின் தொட்டியில் தண்ணீர் சேரும். தினமும் காலையில் வடிக்காவிட்டால் ஈரக்காற்றுதான் ஊதும். பழி மட்டும் மேஜையில் இருக்கும் பெண்கள் மேல் விழும். தை, மாசியில், ஒரே ஒரு மேஜை வரிசையில் தொடங்குங்கள்.

அடுத்தது பழக்குவது. 'பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் படி' என்பதுதான் நம் வழக்கம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், புது ஆட்களைச் சீக்கிரம் பழக்க அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நாலு படி வைத்திருந்தார்கள். போருக்குப் பிறகு ஜப்பானும் அதை எடுத்துக்கொண்டது. முதலில் பழக வந்தவரின் பயத்தைப் போக்கி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. இரண்டாவது, சொல்லிக்கொண்டே செய்துகாட்டுவது. மூன்றாவது, அவரைச் செய்யவிட்டு, ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. நாலாவது, தனியே விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார்ப்பது. நம்மிடம் மூன்றாவதும் நாலாவதும் நடப்பதே இல்லை.

காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கை பழகும். முதலில் பெருவிரலால் தேயுங்கள், விடாத இடத்தில் மட்டும் கத்தி. கத்தி முனையைப் பருப்பின் நடுக்கோட்டில் வைக்காதீர்கள், வைத்தால் இரண்டாகப் பிளக்கும். முழுசாகப் போக வேண்டியது பிளவு விலைக்குப் போய்விடும். அழுத்திச் சுரண்டினால் வெள்ளைப் பருப்பில் தழும்பு விழுந்து தரம் இறங்கும். இந்த மூன்றையும் காரணத்தோடு சொல்ல சில நிமிடம் போதும்.

யார் சொல்லிக்கொடுப்பது? அனுபவமுள்ள ஒரு அக்காவைத்தான் உட்கார வைப்பார்கள். சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவருடைய கிலோ குறையுமே! இங்கேயும் அதே கிலோதான் குறுக்கே வருகிறது. சொல்லிக்கொடுக்கிற நாளுக்குத் தனிச் சம்பளம் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் பாதி சொல்லிவிட்டுத் தன் கூடைக்குத் திரும்புவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

சூப்பர்வைசர்களை வளர்ப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சூப்பர்வைசரிடம் சாயந்திரம் 'எத்தனை கிலோ?' என்று மட்டும் கேட்டால் அவரும் கிலோவைத்தான் விரட்டுவார். எத்தனை முழுசு, எத்தனை உடைசல் என்று மேஜைவாரியாகப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். டபிள்யூ 320 ரகம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு. அதில் உடைகிற ஒவ்வொன்றும் விலை இறங்குகிறது. யாருக்கு உடைப்பு தெரியும், யாருக்கு உரிப்பு, யாருக்குக் கிரேடிங் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு வையுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எதுவோ, அடுத்த பழக்கலை அதிலிருந்து தொடங்குங்கள். வணக்கம்.